நினைவகப் புணரியல்: தெல்தெனியச் சான்றுகளுடன்

இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழில் இலக்கணம் இருக்கிறது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஆறைப் புணர்ச்சிக்கே கொடுத்துவிட்டார். பவணந்தி முனிவர் அதையே சுருக்கி, பிள்ளைகள் மனப்பாடம் செய்து அடிவாங்க ஏதுவாக ஆக்கித் தந்தார். ஆனால் கொம்பியூட்டர் நினைவகமான ரெம்மின் இரண்டு துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பது பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. உரையாசிரியர்களும் கண்டுகொள்ளாமல் போய்விட்டார்கள். தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற அடியேன் இக்குறையைத் தீர்க்க முற்பட்டதன் விளைவே இவ்வாய்வு.

ஆய்வுக் களம், தெல்தெனியவில் எங்கள் வீட்டு முன்னறை மேசை. ஆய்வுக் காலம், மூன்று சனிக்கிழமைகள். ஆய்வுக் கருவிகள், நட்சத்திரத் தலைத் திருப்புளி ஒன்று, பேரனின் அழிறப்பர் ஒன்று. நிதியுதவி என் ஓய்வூதியம். ஆய்வுக்கு மேற்பார்வையாளர் இல்லை, பேரன் மேற்பார்த்தான்.

முதலில் கலைச்சொற்கள். கொம்பியூட்டரின் மதர்போர்ட்டும் அதில் ஏற்கனவே குந்தியிருக்கும் பழைய ரெம் துண்டும் சேர்ந்து நிலைமொழி எனப்படும். கடையில் காசு கொடுத்து வாங்கி வரும் புதுத் துண்டு வருமொழி. இரண்டும் சேர்ந்து, கொம்பியூட்டர் எழும்பி, திரையில் படம் வந்தால் புணர்ச்சி. படம் வராவிட்டால் அதற்கும் ஒரு பெயர் உண்டு; அதை வீட்டில் பெண்கள் சொல்வார்கள், இங்கே எழுத இயலாது.

நிலைமொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது இன்டெல் 2008இல் வெளியிட்ட ஜீ41 சிப்செட் வைத்த போர்ட். ரெம் மாட்ட இரண்டே இரண்டு குழிகள். ஒன்றில் 2 ஜீபி டீடீஆர்3 துண்டு. மற்றது வெகுகாலமாக வெறுமையாக இருந்து தூசி வளர்த்தது. கோயில் திருவிழா மலருக்குக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்யும்போது, நான் 'அ' அடித்தால் அது வருவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். "ரெம் போடணும் தாத்தா" என்று பேரன் தீர்ப்புச் சொன்னான். அந்தக் குழியில் ஒரு துண்டைக் கொண்டுபோய்ச் செருகுவதில் என்ன கஷ்டம் இருக்க முடியும் என்று நினைத்தேன். எல்லா ஆய்வும் இப்படிப்பட்ட அறியாமையிலிருந்தே பிறக்கிறது.

முதற் சனிக்கிழமை. திகன, குண்டசாலை வழியாகக் கண்டிக்குப் போய் இறங்கி, ஒரு கடையில் ஏறினேன். பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த பையன், "என்ன ரெம் அங்கிள்?" என்றான். "நாலு" என்றேன். "நாலா?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டான். "நாலேதான்" என்று உறுதிப்படுத்தினேன். தந்தான். வீட்டுக்கு வந்து குழியில் வைத்தால் உட்காரவில்லை. நான் கேட்டது 4 ஜீபி. அவன் கேட்டது டீடீஆர்4. நாலு என்பது இங்கே கொள்ளளவுக்கும் ஆகும், தலைமுறைக்கும் ஆகும். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் எண்ணலளவை ஆகுபெயரை எத்தனையோ வருடம் விளக்கியவன் நான்; அதிலேயே சறுக்கிவிட்டேன்.

துண்டின் அடிவிளிம்பில் தங்கநிற முனைகள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையின் நடுவே ஒரு சிறு வெட்டு. குழியில் அதற்கு நேரே ஒரு சிறு மேடு. வெட்டும் மேடும் சந்தித்தால்தான் துண்டு இறங்கும். டீடீஆர்3க்கு 240 முனைகள், டீடீஆர்4க்கு 288, வெட்டும் வேறிடத்தில். வெட்டை ஏன் இடம் மாற்றினார்கள் என்றால் மின்னழுத்தம் ஒரு காரணம். முதல் டீடீஆர் குடித்தது 2.5 வோல்ற்று, டீடீஆர்2 1.8, டீடீஆர்3 1.5, டீடீஆர்4 1.2, டீடீஆர்5 1.1. தலைமுறைக்குத் தலைமுறை குடி குறைந்துகொண்டு வருகிறது. எங்கள் ஊரில் வேறு எந்தக் குடும்பத்திலும் நான் இதைக் கண்டதில்லை. 1.2 குடிக்கிறவனை 1.5 ஊற்றுகிற வீட்டில் இருத்தக் கூடாது என்பதால் வாசலிலேயே மறிக்கிறார்கள். இந்த வெட்டு ஒன்றுதான் இந்தத் துறையில் பொய் சொல்லாதது. அதை மதிக்காமல், வல்லினம் மிகும் இடம் என்று நினைத்து நான் அழுத்தினேன். "தாத்தா, உடையப் போகுது!" என்று பேரன் கத்தியிராவிட்டால் ஆய்வு முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும்.

இங்கே ஒரு கிளை ஆராய்ச்சி. எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் பொருள் ஒன்றாக இருக்கும் என்று கொள்ளல் ஆகாது. டீடீஆர்2க்கும் 240 முனைகள். டீடீஆர்3க்கும் 240 முனைகள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. இதற்குத் தெல்தெனியவிலேயே சான்று உண்டு. மூன்றாம் வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த சிங்களத் தம்பி, பேரன் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு, இந்த வயதில் இவ்வளவு சின்ன மகனா என்று என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் கவலையும் இருந்தன. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அதே எழுத்துகள், அதே ஒலி, வெட்டு மட்டும் வேறிடத்தில்.

இனி விகாரங்கள். தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று என்பது இலக்கணம் படித்த எல்லாருக்கும் தெரியும். இம்மூன்றும் நினைவகத்துக்கும் அப்படியே பொருந்தும் என்பதே இவ்வாய்வின் துணிபு. அதற்கு முன் இயல்பு புணர்ச்சி. அதே தலைமுறை, அதே கொள்ளளவு, அதே வேகம், கூடுமானால் அதே உற்பத்தியாளர்: இப்படி இரண்டு துண்டுகள் சேர்ந்தால் எந்த மாற்றமும் இல்லாமல் கலக்கும். அங்கேயும் ஓர் ஒற்று மிகும். குழியின் இரு முனைகளிலும் உள்ள கொக்கிகள் தாமாக மூடிக்கொள்ளும்போது வரும் 'டக்' என்ற ககர ஒற்று அது. அது மிகவில்லை என்றால் துண்டு குழியில் நிற்பதுபோல் தெரிந்தாலும் நிற்கவில்லை என்று கொள்க. பாதிப் பழுது இந்த ஒற்றுப் பிழைதான்.

இரண்டாம் சனிக்கிழமை. டீடீஆர்4ஐத் திருப்பிக் கொடுத்து 4 ஜீபி டீடீஆர்3 வாங்கி வந்தேன். வெட்டு பொருந்தியது. ஒற்று மிகுந்தது. சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து மட்டும் நீளமாக ஒரு சத்தம், கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் நீளமாக. இது தோன்றல் விகாரம். இரண்டு மொழியிலும் இல்லாத ஓர் ஒலி இடையிலே தோன்றியது. போர்ட்டில் இருக்கும் பயோஸ் என்ற சிறு நிரல், திரையில் எழுத வழியில்லாதபோது இப்படி ஊதித்தான் குறை சொல்லும். எத்தனை ஊதல், எவ்வளவு நீளம் என்பதைக் கொண்டு நோயைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் பயோஸ் செய்தவருக்குச் செய்தவர் ஊதல் மாறும். அடுத்த வீட்டு அக்கா வந்து, "சேர் வீட்டுல பூனை ஏதும் மாட்டிக்கிட்டுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அழிறப்பர் வைத்தியம் செய்தோம். தங்கமுனைகளில் படிந்த அழுக்கை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைப்பது. இது பல இடங்களில் பலிக்கும். எங்களுக்குப் பலிக்கவில்லை. நோய் அழுக்கில் இல்லை.

மூன்றாம் சனிக்கிழமை தெல்தெனியச் சந்தியில் கொம்பியூட்டர் திருத்தும் தம்பியைக் கூட்டி வந்தேன். அவன் போர்ட்டைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான், அதன் இரு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான். "மேக்க ஹரியன்னே நெஹெ சேர்" என்றான்; இது சரிவராது என்று அர்த்தம். ஏன் மல்லி என்றேன். துண்டில் இருந்த கறுப்புச் சதுரங்களை விரலால் எண்ணிக் காட்டினான். "அட்டய். தஹசயக் ஓனே." பிறகு எனக்காகத் தமிழில்: "எட்டு சிப் இருக்கு. இந்த போர்ட்டுக்கு பதினாறு வேணும்."

4 ஜீபிதானே, எட்டாக இருந்தால் என்ன, பதினாறாக இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். இங்கேதான் இந்த ஆய்வின் சாரம். ஒரு ரெம் சிப்பின் உள்ளே இருப்பவை கோடிக்கணக்கான குட்டிக் குடங்கள். ஒவ்வொன்றிலும் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். ஒரு திரான்சிஸ்டர், ஒரு கொள்ளளவி, அவ்வளவுதான் ஒரு குடம். இந்த வடிவத்துக்கு ஐபிஎம் நிறுவனத்தின் ரொபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்றார். எல்லாம் ஓட்டைக் குடங்கள். ஊற்றியது ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி நிரப்ப வேண்டும். எந்தக் குடத்தில் எழுதுவது, எதிலிருந்து வாசிப்பது என்று சொல்ல ஒவ்வொரு குடத்துக்கும் முகவரி உண்டு. குடங்கள் வரிசை வரிசையாக இருக்கும். 2 கிகாபிட் சிப்பில் வரிசை எண்ணைச் சொல்ல 15 கம்பிகள் போதும். 4 கிகாபிட் சிப்புக்கு 16 வேண்டும். ஜீ41 பிறந்த காலத்தில் அவ்வளவு பெரிய சிப்பை அது எதிர்பார்க்கவில்லை. தெருவில் நூறு வீடுகூட இல்லாதபோது நியமனம் பெற்ற தபாற்காரர் மாதிரி, மூன்றிலக்க வீட்டு எண்ணைப் பார்த்தால் கடிதத்தோடு வாசலிலேயே நின்றுவிடுகிறார். எட்டு சிப்பில் 4 ஜீபி என்றால் ஒவ்வொன்றும் 4 கிகாபிட். பதினாறு சிப்பில் 4 ஜீபி என்றால் ஒவ்வொன்றும் 2 கிகாபிட்; முகவரி அடங்கும், கடிதம் சேரும்.

இதையெல்லாம் துண்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு வெளிப்படையாகவே சொல்கிறது. நமக்குத்தான் வாசிக்கத் தெரியாது. 2ஆர்எக்ஸ்8 என்று இருந்தால் இரண்டு அடுக்கு, ஆகப் பதினாறு சிப். 1ஆர்எக்ஸ்8 என்றால் ஓரடுக்கு, எட்டு சிப். பீசீ3-10600 என்று இன்னோர் எண் இருக்கும். அதற்கும் டீடீஆர்3-1333 என்பதற்கும் வேறுபாடு இல்லை: 1333ஐ எட்டால் பெருக்கிப் பாருங்கள். ஒரு பொருட் பன்மொழி. விற்பவர்கள் பெரிய எண்ணைச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

தம்பி என்னைத் தன் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு லாச்சியைத் திறந்து காட்டினான். செத்துப்போன கொம்பியூட்டர்களிலிருந்து கழற்றிய துண்டுகள் நூற்றுக்குக் குறையாமல் இருக்கும். உ.வே.சாமிநாதையர் பரண்களில் ஏடு தேடியதுபோல நானும் அவனும் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினோம். பதினாறு சிப் 4 ஜீபி ஒன்று அகப்பட்டது. உடனே எனக்குள் ஆசிரியன் எழுந்து, பதினாறு சிப் உள்ளதெல்லாம் பொருந்தும் என்று விதி செய்ய முனைந்தேன். தம்பி தடுத்தான். லாச்சியில் இன்னொரு பதினாறு சிப் துண்டு இருந்தது. அது ஏஎம்டி போர்ட்டுக்கு மட்டும் ஆகுமாம். எண்ணிக்கை பதினாறுதான், ஆனால் ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் எட்டுக்குப் பதில் நாலு பிட்தான் தருவது. இன்டெல் மேசைப் போர்ட்டுகள் அதை ஏற்பதில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று இதை வாங்கி ஏமாந்தவர்கள் இந்தியாவிலும் உண்டு, இங்கும் உண்டு. எல்லா விதிக்கும் புறனடை உண்டு என்று கரும்பலகையில் எழுதியவன் அதை ஒரு லாச்சியில் கண்ணால் கண்டேன்.

போலியும் இருந்தது. டீடீஆர்3எல் என்பது 1.35 வோல்ற்றிலும் ஓடும், 1.5 வோல்ற்றிலும் ஓடும். பழைய குழியில் அது டீடீஆர்3க்குப் பதிலாக நின்று பொருள் மாறாமல் வரும். அறம், அறன் என்பதுபோல. இது நல்ல போலி. சேர்வர் இயந்திரங்களிலிருந்து கழற்றி வரும் ரெஜிஸ்டர்ட் துண்டு கெட்ட போலி. அதே 240 முனை, அதே வெட்டு, குழியில் சுகமாக இறங்கும். மேசைக் கொம்பியூட்டர் அதைத் திரும்பியும் பார்க்காது. வெட்டு பொய் சொல்லாது என்று மேலே எழுதியதை இந்த ஒன்றுக்காக மட்டும் திருத்தி வாசிக்க.

வீட்டுக்குத் திரும்பிப் பதினாறு சிப் துண்டைச் செருகினோம். ஒற்று மிகுந்தது. திரை கறுப்பு. தம்பி பதறவில்லை. போர்ட்டில் இருக்கும் வட்டப் பற்றரியைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி மாட்டினான். பயோஸ் பழைய கணக்கை மறந்து புதிதாக எண்ணத் தொடங்கியது, படம் வந்தது. இதை நான் உடம்படுமெய் என்று குறித்திருக்கிறேன். இரண்டு உயிர் ஒட்ட மறுக்கும்போது இடையிலே வந்து சேர்த்து வைக்கும் யகர வகரம் போல, பற்றரி கழற்றல் ஒன்று, பயோஸ் புதுப்பித்தல் ஒன்று என இங்கும் உடம்படுமெய் இரண்டு. இரண்டாவதை மின்வெட்டு வரும் நாளில் செய்யாதீர்கள். பாதியில் கறன்ட் போனால் போர்ட்டே போய்விடும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறன்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திரிதல் விகாரம் சத்தமில்லாமல் நடக்கும். புதுத் துண்டில் 1600 என்று அச்சிட்டிருந்தது. பழையது 1333. இரண்டும் சேர்ந்து ஓடிய வேகம் 1066. எது மெதுவானதோ அதற்கு எல்லாம் இறங்கிவரும். ஜீ41 டீடீஆர்3ஐ 1066இல்தான் ஓட்டும். ஐந்து பேர் சேர்ந்து மலைப்பாதையில் பதினெட்டு வளைவு ஏறினால், மூட்டுவலிக்காரரின் வேகமே கூட்டத்தின் வேகம். காசு கொடுத்து 1600 வாங்கியவருக்கு இது கசக்கும், ஆனால் இதில் யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு துண்டும் சம அளவாக இருந்தால் இரட்டைப் பாதையில் ஓடிக் கொஞ்சம் ஈடுசெய்யும். எங்கள் வீட்டில் 2, 4 என்று ஏற்றத்தாழ்வு. அதை விட்டுவிடுவோம்.

கெடுதல் விகாரம். 2ஐயும் 4ஐயும் கூட்டினால் 6 என்பது பேரனுக்குத் தெரியும். விண்டோஸ் 3.25 என்றது. எங்கள் விண்டோஸ் 32 பிட். இரண்டின் 32ஆம் அடுக்கு 4,294,967,296. அதற்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. அந்த நாலு ஜீபிக்குள்ளும் கிராபிக்ஸ் முதலிய சாதனங்கள் தமக்கென்று முகவரி பிடித்துக்கொள்ளும். வந்த எழுத்து கண் முன்னே கெட்டுவிட்டது. 64 பிட் போட்ட பிறகுதான் ஆறு முழுசாகத் தெரிந்தது.

கெடுதலுக்குத் தெல்தெனியவில் இதைவிடப் பெரிய சான்று உண்டு. மேலே நின்று பார்த்தால் தெரியும் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது பழைய தெல்தெனிய. துரித மகாவலித் திட்டத்தில் 122 மீற்றர் உயர விக்டோரியா அணையைக் கட்டி, 1985 ஏப்ரலில் மார்கரெட் தட்சர் வந்து திறந்துவைத்தார். 72 கோடிக் கனமீற்றருக்கு மேல் தண்ணீர் கொள்ளும். கடைத்தெரு, வீடுகள், வழிபாட்டிடங்கள் எல்லாம் உள்ளே போயின. பெயரை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து மேட்டில் புதுப் போர்ட்டில் மாட்டினார்கள். நிலைமொழி முழுக்கக் கெட்டு, அதன் பெயரை வருமொழி ஏற்று நின்றது. நினைவகம் என்ற சொல்லுக்கு ரெம் என்றும் பொருள், ஞாபகார்த்த இடம் என்றும் பொருள் என்பது இங்கே நினைக்கத் தக்கது. கறன்ட் போனால் ரெம் மறந்துவிடும். தண்ணீர் வற்றினால் பழைய தெல்தெனிய தலைகாட்டும். அந்தக் காலங்களில் இடிந்த சுவர்களைப் பார்க்க ஆட்கள் பஸ் பிடித்து வருவார்கள். இந்தப் பெட்டி குடிக்கும் கறன்டிலும் அந்தத் தண்ணீரின் பங்கு இருக்கும்: அணையின் மின்நிலையம் 210 மெகாவொட். இந்தப் பத்தி ஆய்வுக்குப் புறம்பானது என்று மேற்பார்வையாளர் இருந்திருந்தால் வெட்டியிருப்பார்.

ஆய்வின் முடிபை அடியேன் சூத்திரமாகச் செய்தேன். உரை தேவைப்படாது.

நிலைமொழி பாராது வருமொழி வாங்குநர்
இருமுறை பஸ்ஸில் ஏறுவர் என்ப.

பழைய துண்டுகளை எறியாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுக்கான நினைவகம் செய்யத் தொழிற்சாலைகள் திரும்பியதால் ரெம் விலை உலகம் முழுக்க ஏறியது. மைக்ரொன் நிறுவனம் தன் குருஷியல் என்ற சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அந்த டிசெம்பரில் அறிவித்தது. லாச்சி வைத்திருக்கும் தம்பிகளுக்கு நல்ல காலம். கண்டிக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து, பழைய துண்டைக் கழற்றி, பொலித்தீன் பையில் போடாமல் கடதாசியில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். போர்ட்டின் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் வாய் பேச வேண்டாம். எடுத்துக் காட்டினால் போதும்.

இரண்டாம் வாரம் வாங்கிய எட்டு சிப் துண்டைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. 4 ஜீபி, டீடீஆர்3, 1600, 1ஆர்எக்ஸ்8. பழுதில்லை, அழிறப்பரால் துடைத்தும் வைத்திருக்கிறேன். எச்61 போர்ட்டுக்கு அருமையாகப் பொருந்தும். தெல்தெனியப் பக்கம் அப்படிப் பெட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன்.